பாணி அடுப்பும் பவளராணியும்

"அம்மா, என்ரை வாயை அடக்க ஒரு மந்திரம் தாங்கோ" என்றாள் பவளராணி.

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"வாய் என்ன செய்தது?"

"என்ன செய்யேல்லை எண்டு கேளுங்கோ. தங்கச்சி வீட்டுக்குப் போகேலாது. பக்கத்து வீட்டுக்காரி வேலியை உயர்த்திப்போட்டாள். மகனுக்குச் சித்திரையிலை கலியாணம். 'அம்மா, வாயை வீட்டிலை வைச்சிட்டு வாறதெண்டால் வாங்கோ' எண்டு சொல்லிப்போட்டான்."

"நல்ல பிள்ளை."

"நான் வளர்த்தது."

குருவுக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டார்.

டொரொண்டோவுக்கு வடக்கே, மேப்பிள் காட்டுக்குள் இருந்தது அந்த ஆச்சிரமம். குருவுக்கு வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருக்கும். மஞ்சள் சேலை, அதற்கு மேல் ஒரு பனிக்கோட்டு, காலில் ரப்பர் சப்பாத்து. பவளராணி அவரைவிட நன்றாக மூத்தவள். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் அம்மா. அவருக்கு எல்லோரும் அண்ணை, அக்கா.

பேச்சு மிகக் குறைவு. அதனால் அவரைப் பற்றிய பேச்சு மிக அதிகம்.

"மந்திரம் பிறகு" என்றார் குரு. "பாணி அடுப்பிலை இடுக்கு விழுந்திட்டுது. முதல் அதை அடையுங்கோ."

"அடைக்கிறன். ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. அந்த அடுப்புக் கொட்டிலுக்குள்ளை என்ரை வாயாலை ஒரு சுடுசொல் வந்தால், அண்டைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை போயிடுவன். மந்திரமும் வேண்டாம், கலியாண வீடும் வேண்டாம்."

"நான் உங்களைக் கேட்டனானோ?"

"நான் சொல்லுறன்."

குரு தலையாட்டினார்.

*

பனி பகலில் உருகி இரவில் உறையத் தொடங்கினால் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். மரத்தில் துளை போட்டு, வாளி கட்டி, அந்தச் சாற்றைக் கொட்டிலுக்குக் கொண்டு வந்து காய்ச்சினால் பாணி என்கிற இனிப்புப் பாகு. வாளி வாளியாகக் காய்ச்சினாலும் ஒன்றிரண்டு போத்தல்தான் தேறும். அத்தனை தண்ணீர். ஆனால் அந்தப் பாணியை விற்றுத்தான் ஆச்சிரமத்துக்கு வருடம் முழுக்க அன்னதானத்து அரிசி.

அடுப்பு ஒரு நீள இரும்புப் பெட்டி. மேலே கட்டில் அகலத்துக்கு, சாறு கொதிக்கும் ஒரு தாச்சி. இந்த முனையில் விறகு போடும் கதவு. அந்த முனையில் புகைபோக்கி.

தாச்சி அடுப்பில் உட்காரும் விளிம்பில் இடுக்கு இருந்தால் குளிர்காற்று உள்ளே இழுபடும். பிறகு தீ தாச்சியைச் சுடாது. அந்தக் காற்றுக்கு உபசாரம் செய்து, சூடாக்கி, புகைபோக்கி வழியாகக் காட்டுக்கு வழியனுப்பிக்கொண்டிருக்கும். சாறு வெதுவெதுவென்று கிடந்து கலங்கிப் புளித்துப் போகும்.

துரைசிங்கம் சூடு தாங்கும் நார்க்கயிறும் ஒரு டின் அடுப்புப் பசையும் கொண்டு வந்து வைத்தார். ஒரு காலத்தில் நகரத்தில் பஸ் ஓட்டியவர். இப்போது குருவின் மூத்த சீடர். விறகும் சாறும் அவர் பொறுப்பு. குரு தும்மினாலும் அதற்கு விளக்கம் சொல்வதும் அவர் பொறுப்பு.

பவளராணி பழைய கயிற்றைச் சுரண்டி எடுத்தாள். புதியதை விளிம்பு முழுக்க வைத்து, தாச்சியை இறக்கி, பசையை விரலால் அப்பினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அடுப்பைச் சுற்றி முழங்காலில் ஊர்ந்தாள். சாமி அறையில் இருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்து வந்து விளிம்போடு மெல்லக் கொண்டு போனாள்.

புகை நேரே எழும்பியது. எழும்பியது. ஓரிடத்தில் எழும்பாமல் திரும்பி, எலிவால் போல உள்ளே நுழைந்தது.

"அகப்பட்டியோ" என்று பசையை வைத்து அமுக்கினாள்.

சாறு கொதித்தது. சும்மா கொதி இல்லை. தாச்சி முழுக்க நுரை எழும்பிப் பூச்சொரிந்தது. கொட்டில் கூரையின் திறப்பால் ஆவி குபுகுபுவென்று போனது. இனிப்பு வாசனை மூக்கிலும் மயிரிலும் ஒட்டியது. பவளராணிக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

குரு உள்ளே வந்தார். நேரே அடுப்பு வாசலுக்குப் போனார். கதவைத் திறந்தார். இரண்டு உள்ளங்கையையும் நெருப்புக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.

"அடைச்சாச்சோ?"

"ஓம் அம்மா. பாருங்கோவன், எப்பிடிக் கொதிக்கு..."

நுரை அமர்ந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. தாச்சி குளம் மாதிரி அசையாமல் கிடந்தது.

குரு எட்டிப் பார்த்தார்.

"இன்னும் எங்கையோ இடுக்கு இருக்குப் போலை" என்றார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

*

பவளராணி மறுபடி ஊர்ந்தாள். ஒரு மூலையில் ஊசி நுழையும் இடுக்கு ஒன்று கிடைத்தது. அடைத்தாள்.

கொதித்தது.

குரு வந்தார். திறந்தார். கையை நீட்டினார். "அடைச்சாச்சோ?"

அமர்ந்தது.

பவளராணிக்கு விசரில்லை, விளங்காமல் போக. முதல் தரமே சந்தேகம் வந்தது. அடுத்த தரத்தோடு தெளிந்துவிட்டது. வீட்டில் போறணைக்குள் கேக் வேகும்போது அவளுடைய மனுசன் சற்குணம், எழும்பிவிட்டதோ என்று ஒருநாள் கதவைத் திறந்து பார்த்தார். அன்று அவள் பேசிய பேச்சுக்கு அந்த மனுசன் இன்றுவரை போறணைப் பக்கம் போவதில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பதென்றாலும் அவளை ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறார்.

அது மனுசன். இது குரு.

குருவுக்குப் போய், கதவைச் சாத்துங்கோ என்று சொல்வதா? அதுவும் எந்த வாயால்? அடக்கித் தாருங்கோ என்று கொண்டு வந்து கொடுத்த அதே வாயாலா?

துரைசிங்கத்திடம் கேட்டாள்.

"அண்ணை, அம்மா ஏன் அடுப்பைத் திறக்கிறா?"

துரைசிங்கம் தோளில் இருந்த விறகை இறக்கி வைத்தார். முக்கியமான கேள்விக்குச் சுமையோடு பதில் சொல்வது சரியில்லை என்பது அவர் எண்ணம்.

"அம்மா காரணமில்லாமல் ஒண்டும் செய்யமாட்டா."

"அதுதான், என்ன காரணம்?"

"உங்களிட்டை எது குறையுதோ, அதைத்தான் திறந்து காட்டிறா."

"எனக்குக் குறையிறது கொதி, அண்ணை."

"பாத்தியளோ. விளங்கத் தொடங்கிட்டுது."

அடுத்த தரம் குரு கதவைத் திறந்தபோது துரைசிங்கம் அவருக்குப் பின்னால் போய் நின்றார். தானும் கையை நீட்டினார். நெருப்பை இரண்டு உள்ளங்கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பவளராணி பசை டின்னின் மூடியை இறுக்கினாள். இறுக்கியதில் மூடி நெளிந்துபோனது.

*

சொல்லாமல் சொல்லப் பார்த்தாள்.

கம்பளிச் சால்வை ஒன்றைக் கொண்டு வந்து குருவின் தோளில் போட்டாள். குரு, "வடிவாயிருக்கு" என்று சொல்லி, சால்வையோடு கதவைத் திறந்தார்.

அடுப்புக்கு எட்டத்தில் ஒரு கதிரை போட்டாள். குரு அதில் துரைசிங்கத்தை இருக்கச் சொன்னார்.

கை நிறையச் சூடாகத் தேத்தண்ணி கொடுத்தாள். குரு ஒரு கையால் குடித்தார். மற்றக் கையால் திறந்தார்.

ஒருநாள் துணிந்து ஒரு கதை போட்டாள்.

"அம்மா, ஒரு சந்தேகம். ஒரு வீட்டிலை யன்னல் எல்லாம் வடிவாப் பூட்டிக் கிடக்கு. சாவித் துவாரத்துக்குக் கூடப் பஞ்சு வைச்சாச்சு. ஆனால் வாசல் கதவு மட்டும் ஆவெண்டு திறந்து கிடக்கு. அப்ப நாங்கள் என்னெண்டு நினைக்கிறது?"

குரு அடுப்பு வாசலில் கையை நீட்டியபடியே யோசித்தார். நிறைய நேரம் யோசித்தார். அவ்வளவு நேரமும் கதவு திறந்தே இருந்தது.

"வீட்டிலை ஆரோ இருக்கினம்" என்றார்.

துரைசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

பவளராணிக்கும் உடம்பு பதறியது. அது வேறு காரணம்.

இரவில் கட்டிலில் படுத்துக்கொண்டு, சொல்லாமல் விட்ட சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நல்ல நல்ல சொற்கள். ஒன்றைக் கூட வீணாக்க மனம் வரவில்லை. ஆனால் மகனின் முகம் வந்தது. மணவறையில் அவன், பக்கத்தில் அந்தப் பெண், முன்வரிசையில் வெறும் கதிரை ஒன்று.

விழுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியது. பங்குனி வெயில். கூரையில் இருந்து பனி சொட்டியது. மரங்கள் போட்டி போட்டுக்கொண்டு சாறு விட்டன. துரைசிங்கம் கொண்டு வந்து ஊற்ற ஊற்ற, கொட்டிலுக்கு வெளியே நின்ற சேமிப்புத் தொட்டி நிரம்பி விளிம்புக்கு வந்துவிட்டது.

பவளராணி ஒரு குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலையில் கண்ணாடி மாதிரி இருந்த சாறு. இப்போது லேசாகப் பால் கலந்தது போல இருந்தது.

"அண்ணை, சாறு கலங்கத் தொடங்கிட்டுது. இண்டைக்குக் காய்ச்சி முடிக்காட்டில் இவ்வளவையும் பனியிலைதான் ஊத்தோணும்."

"அம்மா இருக்கிறா" என்றார் துரைசிங்கம்.

"அதுதான் பயமாயிருக்கு" என்று சொல்ல வந்தாள். சொல்லவில்லை.

அன்றைக்கென்று ஸ்கார்பரோவில் இருந்து இரண்டு பஸ் நிறையச் சனம். பட்டுச் சேலைக்கு மேல் பனிக்கோட்டு, கையில் தூக்குச்சட்டி, கமரா. மண்டபத்தில் பூசை முடிந்ததும் துரைசிங்கம் அவர்களைக் கொட்டிலுக்குக் கூட்டி வந்தார். வரும் வழியிலேயே விளக்கம் சொல்லியிருக்கிறார். சனத்தின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

குரு முன்னால் வந்தார். கதவைத் திறந்தார். கையை நீட்டினார்.

அவருக்குப் பின்னால் வரிசை.

ஒவ்வொருவராக வந்து நெருப்பை அள்ளிக் கண்ணில் ஒற்றினார்கள். ஒருவர் தன் வழுக்கைத் தலையிலும் தடவிக்கொண்டார். ஒரு அம்மாள் கைப்பையைத் திறந்து கர்ப்பூரக் கட்டி எடுத்து உள்ளே போட்டாள். இன்னொருவர் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். வரிசை கொட்டில் வாசலைத் தாண்டி, வளைந்து, மரங்களுக்குள் போனது.

தாச்சி செத்துக் கிடந்தது. ஒரு குமிழி இல்லை.

பவளராணி முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தாள். கையில் ஊதுபத்தி. எங்காவது ஒரு இடுக்கு, ஒரு ஊசி இடுக்கு மிச்சம் இருக்கட்டும் என்று தேடினாள். இருந்தால் அதை அடைக்கலாம். அடைத்தால் வாய்க்கு வேலை இல்லை. இல்லை. புகை எங்கே பிடித்தாலும் நேரே எழும்பியது. விளிம்பு முழுக்கச் சுற்றி வந்தாள். அவ்வளவு வடிவாக ஒரு அடுப்பை இந்தக் கனடாவில் எவரும் அடைத்திருக்கமாட்டார்கள்.

பட்டுச் சேலைக்காரி ஒருத்தி குனிந்து அவள் தோளைத் தட்டினாள்.

"அக்கா, இஞ்சை தேங்காய் எங்கை உடைக்கிறது?"

பவளராணி எழுந்தாள்.

"அம்மா, கதவைச் சாத்துங்கோ."

குரு திரும்பிப் பார்த்தார். கை இன்னும் நெருப்புக்கு நேரேதான் இருந்தது.

"என்ன பாக்கிறியள்? சாத்துங்கோ எண்டு சொல்லுறன். நான் இஞ்சை ஊசி நுழையிற ஓட்டையைத் தேடித் தேடி, முழங்கால் தேய ஊர்ந்து ஊர்ந்து அடைக்கிறன். நீங்கள் மாடு நுழையிற ஓட்டையை ஆவெண்டு திறந்து வைச்சுக்கொண்டு 'அடைச்சாச்சோ, அடைச்சாச்சோ' எண்டு கேக்கிறியள். கேக்கிறதுக்கு ஒரு வெக்கம் வேண்டாமோ? அங்கை தொட்டியிலை சாறு கலங்குது. வருசம் முழுக்கச் சனம் சாப்பிடுற சோறு கலங்குது. உங்களுக்குக் குரு எண்டு பேர் இருந்தால் நெருப்புக்கு அது தெரியுமோ? காத்துக்குத் தெரியுமோ?"

"பவளக்கா..." என்றார் துரைசிங்கம்.

"நீங்கள் கதையாதேங்கோ அண்ணை. இந்தக் கூத்துக்கு வரிசை பிடிச்சுக் குடுத்ததே நீங்கள்தான். இவ்வளவு காலம் பஸ் ஓட்டினனீங்கள், கதவைத் திறந்து போட்டுக்கொண்டோ ஓட்டினனீங்கள்?" அவள் வரிசைப் பக்கம் திரும்பினாள். "இது அடுப்பு. சாமி மண்டபத்திலை இருக்கிறார். அவருக்கு நேரம் கிடக்கு, ஆறுதலாப் போய்க் கும்பிடுங்கோ. சாற்றுக்கு நேரம் இல்லை. ஆர் அந்தக் கர்ப்பூரம் போட்டது? பாணியிலை கர்ப்பூரம் மணந்தால் முழுப் போத்தலையும் உங்களைக் கொண்டுதான் குடிப்பிப்பன்."

கைப்பைக்காரி கைப்பையை மூடினாள்.

குரு அடுப்புக் கதவைச் சாத்தினார். கொளுக்கியையும் போட்டார்.

எல்லோரும் தாச்சியை எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் ஒரு மூலையில் ஒரு குமிழி. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. அடுப்புக்குள் தீ இழுத்து மூச்சு விடும் சத்தம் கேட்டது. தாச்சியின் நடுவில் ஒரு கோடு அசைந்தது. பிறகு ஒரேயடியாக, முனையில் இருந்து முனை வரைக்கும், நுரை எழும்பியது. தங்க நிறத்தில் எழும்பியது. எழும்பி ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தது. ஆவி கூரையைப் போய் முட்டியது. கண்ணாடி போட்டவர்களுக்கு எல்லாம் கண் தெரியாமல் போனது. வழுக்கைத் தலைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. மரங்களுக்குள் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. அவர்களும் சிரித்தார்கள்.

பவளராணியும் சிரித்துவிட்டாள்.

பிறகுதான் நினைவு வந்தது.

கையில் இருந்த ஊதுபத்தியைச் சுவரில் செருகினாள். இடுப்பில் இருந்து சேலைத் தலைப்பை எடுத்து உதறினாள். ஆணியில் தொங்கிய தன் கோட்டை எடுத்துப் போட்டாள்.

"எங்கை போறியள்?" என்றார் குரு.

"பெட்டி அடுக்க."

"ஏன்?"

"சொன்னனான்தானே. ஒரு சுடுசொல் வந்தால் போறன் எண்டு. ஒண்டோ வந்தது?"

துரைசிங்கம் நடுவில் வந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. முகம் ஒளிர்ந்தது.

"போகாதேங்கோ பவளக்கா. இது சோதனை. அம்மா உங்களை இவ்வளவு நாளும் சோதிச்சுக்கொண்டிருந்தவ."

பவளராணி குருவைப் பார்த்தாள்.

"ஓமோ அம்மா?"

"என்ன சோதனை?" என்றார் குரு.

"கதவு" என்றார் துரைசிங்கம். "நீங்கள் திறந்து திறந்து வைச்சனீங்கள்தானே. நெருப்பைக் காட்டினனீங்கள்..."

குரு தன் விரல்களைப் பார்த்தார். இவ்வளவு நேரம் நெருப்பில் காட்டியும் பத்தும் நுனியில் நீலம் பாரித்திருந்தன.

"எனக்குக் குளிர்ந்தது" என்றார்.

தாச்சி பொங்கிக்கொண்டிருந்தது.

"பத்து வருசமா இந்தக் குளிர் எனக்குப் பழகேல்லை, அக்கா. திறந்தால் கொதி அடங்கும் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? நீங்கள் ஏன் முதல் நாளே சொல்லேல்லை?"

பவளராணி வாயைத் திறந்தாள். மூடினாள். குருவை மேலும் கீழும் பார்த்தாள். மஞ்சள் சேலை, பனிக்கோட்டு, ரப்பர் சப்பாத்து, வெறுங்கை.

தன் கோட்டுப் பையில் கையை விட்டு, கம்பளிக் கையுறை இரண்டையும் வெளியே இழுத்தாள்.

"குளிர்ந்தால் கையுறை போடுறது."

குரு இரண்டு கையையும் நீட்டினார்.